ஸ்கைலாப் விழுவதற்குள் சாமை விதைத்தது

அந்த வருஷம் ஆனி மாசத்தில் எங்கள் ஊரில் சேவல் கூவுவது நின்றுவிட்டது. கூவுவதற்கு ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாம் குழம்பாகிவிட்டது.

வானத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய இயந்திரம் கீழே விழப்போகிறது, எங்கே விழும் என்று அதை அனுப்பியவர்களுக்கே தெரியாது என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். ஸ்கைலாப் என்று பேர். ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்கு அப்போது இருந்தது ஒரே ரேடியோ, டீக்கடையில். அது பாதி பேசும், பாதி கரகரக்கும். கரகரத்த பாதியை ஊர்க்காரர்கள் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள். செங்கத்துச் சந்தைக்கு இறங்கிப்போய் வந்தவர்கள், அங்கேயும் இதே பேச்சுதான், ஆட்டையெல்லாம் அறுத்துத் தின்கிறார்கள் என்றார்கள். கீழே இருக்கிறவர்களே தின்னும்போது அது சுற்றுகிற வானத்துக்கு இன்னும் கிட்டத்தில் மலைமேல் இருக்கிற நாங்கள் எதற்குச் சும்மா இருப்பது? என் மாமியாருக்கு அப்போதே பல் கிடையாது. ஆனாலும் ஒரு சேவலை ஈறாலேயே மென்று முடித்தார். "சாவறதுன்னு ஆயிடுச்சி, பசியோட எதுக்குடி சாவணும்" என்றார். கேட்டால் ஞாயமாகத்தான் இருந்தது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். கோழிக் கதையை விட்டுவிட்டு விஷயத்துக்கு வாருங்கள் என்று இப்போதே அவசரப்படுத்துகிறாள். வருகிறேன்.

விஷயம் என்னவென்றால் சாமை. எங்களுக்கு வருஷம் முழுக்கச் சோறு அதுதான். மழை பெய்து மண் ஈரமாக இருக்கிற நாலைந்து நாளுக்குள் உழுது விதையைத் தூவிவிட வேண்டும். காற்று மாறி மண் வறண்டுபோனால் அந்த வருஷத்துச் சாமை போச்சு, தை மாசத்தில் காட்டுக்கிழங்கு தோண்டப் போக வேண்டியதுதான். அந்த ஆனியில் மழை நன்றாகவே பெய்தது. ஆனால் ஒரு மாடும் ஏரில் பூட்டப்படவில்லை. அந்த இயந்திரம் விழுகிற வரைக்கும் யாரும் விதைப்புக் காட்டில் இறங்கக்கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் குடகுக்குக் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் நானும் மாமியாரும் மட்டும். மாடும் ஏரும் என் கொழுந்தனுடையவை. அவர்தான் இரண்டு வீட்டு நிலத்தையும் உழுவார். பதிலுக்கு நான் அவர் நிலத்தில் களை எடுத்துக் கொடுப்பேன். வருஷா வருஷம் அப்படித்தான்.

எங்கள் நிலம் எங்கே இருந்தது என்பதில்தான் எல்லாச் சிக்கலும். ஊருக்கு மேலே, மரங்களுக்கு நடுவில், நட்சத்திரம் பார்க்கிறவர்கள் ஒரு கட்டடம் கட்டியிருந்தார்கள். மழித்த தலை மாதிரி உருண்டையாக, வெள்ளையாக இருக்கும். நாங்கள் மொட்டை வூடு என்போம். பொழுது சாய்ந்தால் அந்த மொட்டையில் வகிடு எடுத்தது போல ஒரு பிளவு திறக்கும். உள்ளே இருந்து பெரிய குழாய் வானத்தைப் பார்க்கும். அவர்களுக்கு இருட்டு வேண்டும் என்பதற்காக நாங்கள் அந்தப் பக்கம் தீப்பந்தம் கொண்டுபோக மாட்டோம். நிலா இல்லாத நாளில் அவர்களுக்குக் குஷி. எங்களுக்கு நிலா இருந்தால்தான் குஷி. அந்த மொட்டை வீட்டுக்கு நேர் கீழே, சரிவில், எங்கள் நிலம்.

கொழுந்தன் தேன் எடுக்கிறவர். பாறையில் கயிறு கட்டி இறங்குவார், எதற்கும் பயப்படாத ஆள். அவர் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். தேனீ எத்தனை மலை தாண்டிப் போனாலும் தான் கிளம்பின பாறைக்கே திரும்பி வரும். அந்த இயந்திரமும் இந்த மாதிரி ஒரு உருண்டை வீட்டிலிருந்து போனதாகத்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இவர்கள் ராத்திரியெல்லாம் மேலே பார்த்துக்கொண்டு யாருக்காகக் காத்திருக்கிறார்கள்? விழுகிற நேரத்தில் அது தன் வீட்டைத் தேடி இங்கேதான் வரும். பிளவைத் திறந்து வைத்திருப்பதே அதற்குத்தான்.

இதைக் கேட்டு ஊரே தலையாட்டியது. எனக்கும் முதலில் சரி என்றுதான் பட்டது, பொய் சொல்வானேன். ஆனால் வெயில் ஏற ஏற மண்ணின் மேல்பக்கம் நிறம் மாறுவதைப் பார்த்தேன். இரண்டாம் நாள் கொழுந்தன் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"நம்ம நெலத்த மட்டும் ஒரு ஓட்டு ஓட்டிக் குடுங்க. ஈரம் போவுது."

"அண்ணி, உசுரு இருந்தா காட்டுக்கெழங்கு துன்னுக்கலாம். மொட்ட வூட்டுக்குக் கீழ மாட்ட வுட்டுட்டு நான் இன்னா பண்றது?"

"மாட்டுக்குப் பயமா, உங்களுக்கா?"

"ரெண்டு பேருக்குந்தான்" என்றார். சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் மாமியார் விதைப் பானையைப் பரணிலிருந்து இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சாம்பல் கலந்து, வாயைத் துணியால் கட்டி, நாங்கள் பட்டினி கிடந்த மாசத்திலும் கை வைக்காத பானை. கட்டை அவிழ்த்திருந்தார். விதைக்கப்போவதில்லை என்று ஆன பிறகு குத்திச் சோறாக்கினால் என்ன, கோழிக் குழம்பு வேறு மிச்சம் இருக்கிறது என்று அவர் எண்ணம். நான் பானையைப் பிடுங்கவில்லை. ஒரே ஒரு நாள் பொறுத்துக்கோங்க அத்தை, நான் மேலே போய் விசாரித்துவிட்டு வருகிறேன், அதற்கப்புறம் உங்கள் இஷ்டம் என்றேன். யாரைப் போய் விசாரிப்பாய் என்றார். அதை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறவர்களைத்தான் என்றேன்.

வெறுங்கையோடு போய்க் கேள்வி கேட்கலாமா? எங்கள் பலா மரத்தில் பழுத்திருந்த ஒன்றை அறுத்துத் தலையில் வைத்துக்கொண்டு ஏறினேன். அந்த வருஷத்துப் பலாச் சுளையின் ருசியே தனி. சரி, அது வேண்டாம்.

மொட்டை வீட்டில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போட்டுப் பராமரிக்கிற ஒருவர் இருந்தார். தெற்கத்திக்காரர், மூக்குக் கண்ணாடி போட்டவர். பகலில் மற்றவர்களெல்லாம் தூங்குவார்கள், இவர் மட்டும் விழித்திருப்பார். பழத்தை இறக்கி வைத்துவிட்டு, சார், அது வருகிறபோது உங்கள் வீட்டுக்குள் சரியாக வந்து விழுமா, கொஞ்சம் கீழே தள்ளி எங்கள் நிலத்தில் விழுமா, அதை மட்டும் சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் கேலி செய்யவில்லை. உள்ளே வாம்மா என்று கூப்பிட்டார்.

அந்த வீட்டுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. உள்ளே குளுகுளுவென்று, இருட்டாக இருந்தது. நடுவில் அந்தக் குழாய், பெரிய பலா மரத்து அடியைச் சாய்த்து நிறுத்தினது மாதிரி. பத்துப் பேர் சேர்ந்தாலும் அசையாது என்று நினைத்தேன். அவர் ஒரு விரலால் தள்ளினார். சத்தமே இல்லாமல் அத்தனை பெரிய இரும்பும் திரும்பியது. என்னையும் தள்ளிப் பார்க்கச் சொன்னார். தள்ளினேன், என் விரலுக்கும் திரும்பியது. தூளியில் தூங்குகிற குழந்தையை ஆட்டினது போல இருந்தது.

இது பார்க்கிற இயந்திரம், இங்கிருந்து எதுவும் மேலே போகவில்லை, இங்கே எதுவும் வரவும் வராது என்றார். விழப்போகிற அது வேறு. அது ஒரு வீடாம். ஆளில்லாத இயந்திரம் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்! அதில் மனிதர்கள் குடியிருந்தார்களாம். மூன்று மூன்று பேராகப் போய், மாசக்கணக்கில் இருந்து, வேலை செய்து, சூரியனைப் படம் பிடித்து, திரும்பி வந்தார்களாம். கடைசியாக வந்தவர்கள் கதவைச் சாத்திவிட்டு வந்து பல வருஷம் ஆகிவிட்டது. ஆளில்லாத வீடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வருகிறது.

அந்த வீட்டை மேலே அனுப்பும்போதே வெயிலுக்காக மேலே போர்த்தியிருந்த தகடு பிய்த்துக்கொண்டு போய்விட்டதாம். உள்ளே ஒரே கொதிப்பு. அப்புறம் போன ஆட்கள் ஒரு சின்ன ஓட்டை வழியாகக் குடையை வெளியே நீட்டி, விரித்து, நிழல் பண்ணிக்கொண்டு குடியிருந்தார்களாம். இதைச் சொன்னபோது நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டுக் கூரையை எத்தனை தடவை காற்று பிய்த்துப் போட்டிருக்கும்? நாங்களும் ஓலையைச் செருகி ஒப்பேற்றியிருக்கிறோம். ஆனால் நிற்கத் தரையே இல்லாத இடத்தில் போய்க் குடை விரிக்க ஒருத்தனுக்குத் தைரியம் வருமென்றால்? அவனைப் பெற்றவள் அன்றைக்குச் சோறு தின்றிருப்பாளா?

நான் கேட்காத கேள்வி இல்லை. எப்படிக் குளித்தார்கள் என்றேன். அங்கே தண்ணீர் கீழே விழாதாம், உருண்டை உருண்டையாக மிதக்குமாம். துணிக் கூண்டு மாதிரி ஒன்றுக்குள் நின்று உடம்பில் ஒட்டவைத்துத் துடைத்துக்கொள்வார்களாம். எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று கேட்டேன். நீ உலை வைத்து, சோறு வடித்து, குழம்பு வைத்து, சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் அது இந்த உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிடும் என்றார். ஒவ்வொரு சுற்றுக்கும் அங்கே ஒரு விடியல், ஒரு அந்தி.

"அப்ப அங்க ஒரு பொம்பள இருந்தா நாள்பூரா வாசல் தெளிச்சிக்கினே இருக்கணும் சார்" என்றேன். அந்த மனுஷன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

எங்கே விழும் என்பதற்கு மட்டும் அவர் தெரியாது என்றுதான் சொன்னார். அதுதான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வரவைத்தது. உலகம் ஒரு பூசணிக்காய் என்றால் உன் மலை அதன்மேல் ஒட்டின கேழ்வரகு மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு ஒருவன் எறிகிற கல் அந்தக் கேழ்வரகின்மேல் படுமா, பட்டாலும் படலாம், ஆனால் அதற்காக நான் வேலையை நிறுத்த மாட்டேன் என்றார். நான் ஈரத்தையும் கொழுந்தனையும் தேனீ கணக்கையும் சொன்னேன். அவர் ஒரு காகிதத்தைப் பார்த்துவிட்டு, நாளைக்குப் பொழுது இறங்கினதும் அது நம் தலைக்கு மேலே போகும், மேகம் இல்லாவிட்டால் கண்ணாலேயே பார்க்கலாம், உன் கொழுந்தனைக் கூட்டிக்கொண்டு நிலத்தில் வந்து நில் என்றார். ஒன்று மட்டும் நினைவு வைத்துக்கொள், பாதி வானத்தில் அணைந்தமாதிரி தெரியும், அதற்குப் பயப்படாதே என்று காரணத்தையும் சொன்னார்.

கொழுந்தனை வரவைத்தது பெரிய பாடு. பயந்தால் வராதீர்கள், நானும் அத்தையும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறோம் என்றேன். அதற்கப்புறம் அவர் எப்படி வராமல் இருப்பார்? மாமியாரும் வந்தார். விதைப் பானையை வீட்டில் விட்டால் யாராவது தின்றுவிடுவார்கள் என்று இடுப்பில் வைத்துக்கொண்டே வந்தார். தின்னப் பார்த்தவரே அவர்தான்.

மழை விட்ட வானம் கழுவிவிட்டது போல இருந்தது. ஊர் முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடக்க, நாங்கள் மூன்று பேர் மட்டும் ஈர மண்ணில் நின்றோம். எங்கள் பள்ளத்தில் இருட்டு கூடிவிட்டது, எதிர் மலை உச்சியில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் வெளிச்சம். கொழுந்தன் மொட்டை வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிளவு திறந்திருந்தது.

மேற்கே, மரத்துக்கு மேலே, ஒரு நட்சத்திரம் கிளம்பியது. நான் முதலில் வெள்ளி என்று நினைத்தேன். அது நடந்தது. சத்தம் இல்லை, வால் இல்லை, கண் சிமிட்டவில்லை. கோடு போட்டாற்போல ஒரே சீராக ஏறி ஏறி வந்தது. மாமியார் பானையை மார்போடு அணைத்துக்கொண்டார். அது ஒரு வீடு. அதற்குள்ளே கட்டில் இருக்கிறது, அடுப்பு மாதிரி ஒன்று இருக்கிறது, யாரோ விரித்த குடை இன்னும் அதன்மேல் விரிந்தபடியே இருக்கிறது. மனிதன் தன் கையால் முடுக்கிச் செய்தது நட்சத்திரங்களுக்கு நடுவே நட்சத்திரமாகவே போகிறது. கும்பிடவா வேண்டாமா என்று தெரியாமல் கையைப் பாதி தூக்கினபடி நின்றேன்.

அது எங்கள் தலைக்கு நேரே வந்தது. மொட்டை வீட்டுக்கு நேர் மேலே போனது. அங்கே நிற்கவில்லை. தயங்கக்கூட இல்லை. அதே நடையில் கிழக்கே போனது. போய்க்கொண்டே இருந்தபோது மங்கி, சிவந்து, இல்லாமல் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்துக் கீழே ஊரில் பறை முழங்கியது. அவர்களும் கதவு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அணைந்ததைப் பார்த்துவிட்டு, விழுந்துவிட்டது, பிழைத்தோம் என்று கொட்டுகிறார்கள்.

"வூந்துடுச்சா?" என்றார் மாமியார்.

நான் எதிர் மலை உச்சியைக் காட்டினேன். பள்ளம் இருட்டினபிறகும் அந்த உச்சியில் கொஞ்ச நேரம் வெயில் நிற்கிறது இல்லையா? அது உச்சிக்கும் மேலே இருப்பதால் அதற்கு இன்னும் வெயில் இருந்தது, அதனால் மின்னியது. இப்போது வெயில் எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. அணையவில்லை, விழவில்லை, நாம் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்று முடிப்பதற்குள் உலகத்தைச் சுற்றிவிடும் என்றேன். எதற்கு உண்மையைச் சொன்னாய், விழுந்துவிட்டது என்று விட்டிருந்தால் நாளைக்கே ஏர் பூட்டியிருப்பாரே என்று பிறகு சிலர் கேட்டார்கள். அவ்வளவு பெரிய அதிசயத்தைப் பார்த்துவிட்டு அதைப் பற்றிப் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கொழுந்தன் கிழக்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது இந்த வூட்டத் திரும்பிக்கூடப் பாக்கல, அண்ணி."

"பாக்கல."

"தேனீன்னா ஒரு சுத்து சுத்திட்டாவது போவும்." பிறகு குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் நசுக்கிப் பார்த்தார். உருண்டை பிடித்தது, ஆனால் ஓரம் உதிர்ந்தது. "நாளைக்கு வுட்டா போச்சு. காலீல மாட்டப் புடிச்சாறேன்."

மறுநாள் விழுந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் மிச்சமிருந்த ஆட்டையும் அறுத்த ஊர், டீக்கடை ரேடியோ இன்னும் விழவில்லை என்று சொன்னதும் மறுபடி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. கூடாது என்று தடுக்க வெளியே ஒரு பெரியவரும் இல்லை, நாங்கள் உழுதுகொண்டிருந்தோம். மாமியாரே விதையில் மணலைக் கலந்து கொடுத்தார். சாமை பொடி விதை, மணல் சேர்க்காமல் தூவினால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். நான் வீசி வீசித் தூவினேன். கொழுந்தன் பின்னாலேயே முள்மரக் கிளையைக் கட்டி இழுத்து மண்ணை மூடினார். நடு நடுவே நின்று, இந்நேரம் எந்த ஊருக்கு மேலே போய்க்கொண்டிருக்கும் என்று கேட்பார். எனக்கென்ன தெரியும்? செங்கம் தாண்டியிருக்கும் என்பேன். அடுத்த தடவை கேட்டால் மெட்ராஸ் தாண்டியிருக்கும் என்பேன். எனக்குத் தெரிந்த ஊர் அவ்வளவுதான்.

சில நாளில் அது விழுந்தது. எங்கேயோ தூரத்துக் கடலிலும், கடல் தாண்டி ஆள் நடமாட்டம் குறைந்த காட்டிலுமாக உடைந்து விழுந்ததாம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையாம். அதற்குள் ஊரில் மற்ற நிலமெல்லாம் காய்ந்துவிட்டது. அடுத்த மழைக்குக் காத்திருந்து விதைத்தவர்களும் உண்டு, அது நன்றாக வரவில்லை. அவர்களுக்கெல்லாம் தையில் எங்கள் சாமைதான் போயிற்று.

விழுந்த செய்தி வந்த மறுநாள் கொழுந்தன் ஒரு குடுவை தேனோடு மொட்டை வீட்டுக்குப் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. அந்தக் கண்ணாடிக்காரரிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி. அத்தனை மாசம் அங்கே குடியிருந்தார்களே, ஒரு விதையாவது போட்டுப் பார்த்தார்களா?

போட்டார்கள் என்றார் அவர். நெல் கொண்டுபோய் முளைக்கவைத்துப் பார்த்தார்கள். முளைத்தது. ஆனால் அங்கே மேல் கீழ் கிடையாது அல்லவா? எந்தப் பக்கம் வளர வேண்டும் என்று தண்டுக்குத் தெரியவில்லை. சிலது சுருண்டு சுருண்டு வந்த பக்கமே திரும்பிப் போயிற்று.

கொழுந்தன் வணக்கம் சொல்லிவிட்டு விறுவிறுவென்று கீழே இறங்கினார். நேராக எங்கள் நிலத்துக்குப் போய்க் குந்தினார். நானும் பக்கத்தில் குந்தினேன். சாமை முளை விட்டிருந்தது, ஊசி ஊசியாக, நிலம் முழுக்க. எங்கள் நிலம் சரிவு, நாமே கால் ஊன்றித்தான் நிற்க முடியும். அந்த முளைகள் மட்டும் சரிவோடு சாயாமல், ஒவ்வொன்றும் வானத்தைப் பார்த்து நேராக நின்றன.

"யாருங்க இதுக்குச் சொன்னது?" என்றேன்.

அவர் விரலால் ஒரு முளையைச் சாய்த்துவிட்டு, அது நிமிர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். வரப்பிலிருந்து மாமியார், ரெண்டு பேரும் அங்கே என்னத்தைத் தேடுகிறீர்கள், மாடு அவிழ்த்துக்கொண்டு போகிறது என்று கத்தினார். நாங்கள் எழுந்திருக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று.